பூக்களால் ஓவியம் தீட்டிய அம்மையார்



நம் வீட்டுப் பெண்கள் பூச்சரம் கட்டுவதைக் கவனித்திருப்பீர்கள். நாலு கண்ணி மல்லிகை, அப்புறம் ஒரு கண்ணி கனகாம்பரம், மறுபடியும் மல்லிகை. வெறும் கனகாம்பரமாகவே கட்டினால் கொஞ்ச நேரத்தில் கண் சலித்துப்போகும். மல்லிகைக்கு நடுவே வைத்துப் பாருங்கள், அந்த ஆரஞ்சு நிறம் விளக்கேற்றியதுபோல் தெரியும். மல்லிகையும் இன்னும் வெளுப்பாகத் தெரியும். இதை யாரும் பாடம் நடத்திச் சொல்லிக் கொடுக்கவில்லை. கண் சொல்லிக் கொடுத்தது, கை கட்டியது. அவ்வளவுதான்.

இந்தக் கண் ஞானத்தை 200 அடி நீளமுள்ள ஒரு பூப்பாத்தியில் விரித்துக் காட்டி, உலகத்துத் தோட்டக்காரர்களுக்கெல்லாம் ஆசானாக விளங்கிய ஓர் அம்மையாரைப் பற்றி இம்மலரில் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் கெர்ட்ரூட் ஜீக்கில். ஆங்கிலேயப் பெண்மணி. அவருக்குக் கண்பார்வை சரியில்லை என்பதுதான் இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

ஜீக்கில் அம்மையார் 1843-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் லண்டன் மாநகரில் பிறந்தார். தந்தை எட்வர்ட் ஜீக்கில் இராணுவ அதிகாரியாக இருந்தவர். ஏழு பிள்ளைகளில் இவர் ஐந்தாவது. வசதியான குடும்பம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. வாழ்நாள் முழுதும் சோற்றுக்குக் கவலைப்பட வேண்டிய நிலை அவருக்கு வந்ததில்லை. ஆனால் வசதி இருந்தவர்கள் எல்லோரும் இவரைப்போல் உழைத்தார்களா என்று கேட்டால், இல்லை.

லண்டன் பூங்காக்களுக்குத் தாதிமார் அழைத்துப் போகும்போது, புல்தரையில் தானாக முளைத்துக் கிடக்கும் டேன்டிலயன் என்னும் மஞ்சள் களைப்பூவைப் பார்த்து அந்தச் சிறுமி சொக்கி நிற்பாராம். 1848-ல் குடும்பம் சர்ரே என்னும் கிராமப்புறப் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பிராம்லி என்ற ஊரில் பெரிய வீடு, சுற்றிலும் ஓடை, மரம், வயல். அண்ணன் தம்பிகள் பள்ளிக்கூடம் போய்விட, இவர் ஒரு மட்டக் குதிரையும் நாயுமாக ஊர் சுற்றினார். ஜான்ஸ் என்ற பாதிரியார் காட்டுப் பூக்களைப் பற்றி எழுதிய ஒரு நூல் கைக்குக் கிடைத்தது. அதில் உள்ளதையும் வயலில் உள்ளதையும் ஒப்பிட்டு ஒப்பிட்டுப் புத்தகமே தேய்ந்துபோகும்வரை புரட்டினார். மாணவர்களே, ஒரே ஒரு புத்தகம் போதும், அதை விடாமல் படித்தால்!

குடியானவர்களும் கூலி வேலை செய்பவர்களும் குடியிருந்த சின்னச் சின்ன வீடுகள் அந்தப் பகுதியில் நிறைய இருந்தன. வீட்டுக்கு முன்னால் நாலு முழம் இடம் இருக்கும். அதில் காய்கறியும் பூவும் கலந்து நட்டிருப்பார்கள். அக்கம் பக்கத்தில் ஒரு கிளை, ஒரு கிழங்கு, ஒரு பிடி விதை என்று வாங்கி வந்து வைத்தவை. நம் லயத்து வாசல்களை நினைத்துக் கொள்ளுங்கள், வேறு விளக்கம் தேவையில்லை. பிற்காலத்தில் பெரும் புகழ் வந்த பின்பும், தாம் தோட்டக்கலை கற்றுக்கொண்டது இந்த ஏழை வீட்டு வாசல்களில்தான் என்பதை அம்மையார் மறந்ததில்லை. அழிந்துகொண்டிருந்த பழைய நல்ல செடிகளை அங்கிருந்துதான் தேடிச் சேர்த்தார். அந்த எளிய மக்களின் வீட்டுச் சாமான்கள், வேலைக் கருவிகள், பழக்க வழக்கங்களைப் பற்றி 1904-ல் தனியாக ஒரு நூலே எழுதினார்.

பதினேழு வயதில், 1861-ல், லண்டன் சவுத் கென்சிங்டனில் இருந்த கலைப் பள்ளியில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் நல்ல குடும்பத்துப் பெண் ஓவியம் வரையலாம், ஆனால் பொழுதுபோக்காக வரையலாம். தொழிலாகப் படிப்பது அபூர்வம். அங்கேதான் வண்ணங்களைப் பற்றிய ஒரு பெரிய உண்மை அவருக்குக் கிடைத்தது. பிரான்சு நாட்டில் செவ்ரல் என்று ஒரு வேதியியல் அறிஞர் இருந்தார். பாரிசில் கோப்லின் என்னும் புகழ்பெற்ற கம்பள நெசவுச் சாலையில் சாயப் பகுதிக்குத் தலைவர். சில நூல்கள் நிறம் மங்கித் தெரிகின்றன என்று புகார் வந்தபோது அவர் ஆராய்ந்து பார்த்தார். சாயத்தில் குறை இல்லை, பக்கத்தில் இருந்த நூலின் நிறம்தான் இதை மங்கலாகக் காட்டுகிறது என்று கண்டுபிடித்தார். ஒரு நிறம் தனியாக இருக்கும்போது ஒன்று, இன்னொன்றின் பக்கத்தில் வந்தால் வேறொன்று. இதை 1839-ல் நூலாக வெளியிட்டார்.

மாணவர்களே, இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நல்ல சிவப்புத் துணி ஒன்றை அரை நிமிடம் இமைக்காமல் பாருங்கள். பிறகு சட்டென்று வெள்ளைச் சுவரைப் பாருங்கள். சுவரில் பச்சை சாயலில் ஒரு நிழல் மிதக்கும். சிவப்பைப் பார்த்துக் களைத்த கண் பச்சையைத் தேடுகிறது. ஆரஞ்சைப் பார்த்துக் களைத்தால் நீலத்தைத் தேடும், மஞ்சளைப் பார்த்தால் ஊதாவை. சேலைக்கு ரவிக்கைத் துணி எடுக்கப் போன தாய்மார்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். கடையில் தனியாகப் பார்க்கும்போது நன்றாக இருந்த துணி, சேலைமேல் வைத்ததும் செத்துப் போகுதே, அது ஏன் என்றால் இதனால்தான்!

டர்னர் என்னும் மாபெரும் ஓவியரின் படங்களைக் கலைக்கூடத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து நகல் எடுத்தார் அம்மையார். 1863-ல் நண்பர்களோடு கிரேக்கம், துருக்கி நாடுகளுக்குப் பயணம் போனார். சாம்பல் பூத்த இலைகளையுடைய செடிகள் அந்த வறண்ட மலைகளில் ஏராளம். அவற்றின்மேல் அவருக்குப் பின்னாளில் இருந்த பிரியம் அங்கேதான் வேர் விட்டிருக்கும் என்பது என் ஊகம். ஊர் திரும்பி, தையற்பூ வேலை, வெள்ளிப் பட்டறை வேலை, மரச் செதுக்கு வேலை, முலாம் பூசுதல் என்று ஒன்றைக்கூட விட்டு வைக்கவில்லை. பெரிய பிரபுக்கள் வீட்டிலிருந்தெல்லாம் தையற்பூ வேலைக்கு ஆள் விட்டு அழைத்தார்கள். கையால் செய்யும் வேலை எதுவாயினும் அதன் நுட்பம் தெரிந்தாக வேண்டும் அவருக்கு. திருமணம் செய்து கொள்ளவில்லை.

இடி விழுந்தது 1891-ல். சிறு வயதிலிருந்தே அவருக்குக் கிட்டப்பார்வை. எதையும் மூக்கருகே கொண்டு வந்தால்தான் தெளிவாகத் தெரியும். அது வர வர மோசமாகி, வலியும் சேர்ந்து கொண்டது. ஜெர்மனி நாட்டில் வீஸ்பாடன் நகரில் இருந்த பேகன்ஸ்டெக்கர் என்னும் பேர்பெற்ற கண் வைத்தியரிடம் போனார். வைத்தியர் கைவிரித்துவிட்டார். குணப்படுத்த வழியில்லை, இருக்கிற பார்வையையாவது காப்பாற்ற வேண்டுமானால் ஓவியத்தையும் தையலையும் விட்டுவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். அப்போது அம்மையாருக்கு வயது 47. முப்பது ஆண்டு பழகிய வித்தையை ஒரே நாளில் கீழே வை என்றால் எப்படி இருக்கும்? பால்மரம் சீவியே பழகிய கைக்கு இனிமேல் கத்தியைத் தொடாதே என்று சொன்னால் அந்தக் கைக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

வேறொருவராக இருந்தால் மூலையில் உட்கார்ந்திருப்பார். அம்மையாருக்கு மண் இருந்தது. தந்தை 1876-ல் காலமான பிறகு, தாயாரோடு சர்ரேயில் மன்ஸ்டெட் என்னும் இடத்தில் குடியேறியிருந்தார். ரோட்டுக்கு எதிர்ப்புறம் ஏறக்குறைய 15 ஏக்கர் நிலத்தை 1880-களின் தொடக்கத்தில் தமக்கென்று வாங்கிப் போட்டிருந்தார். மணற்பாங்கான, சத்தில்லாத மண். அங்கே ஏற்கெனவே செடிகள் வைத்துப் பழகிக்கொண்டுதான் இருந்தார். வில்லியம் ராபின்சன் என்பவர் நடத்திய தி கார்டன் என்னும் வார இதழுக்குக் கட்டுரைகளும் எழுதி வந்தார். வைத்தியர் சொல்லுக்குப் பிறகு அந்த 15 ஏக்கரே அவருடைய ஓவியத் திரையாயிற்று. தூரிகையால் தீட்ட முடியாததைச் செடியால் தீட்டத் தொடங்கினார்.

அந்தக் காலத்துப் பெரிய வீட்டுத் தோட்டங்கள் எப்படி இருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக் குடிலில் ஆயிரக்கணக்கில் நாற்று வளர்ப்பார்கள். வெயில் காலம் வந்ததும் வட்டமாகவும் நட்சத்திரமாகவும் பாத்தி வெட்டி, சிவப்பு ஜெரேனியம் ஒரு வரிசை, மஞ்சள் கால்சியோலேரியா ஒரு வரிசை, நீல லொபீலியா ஒரு வரிசை என்று இராணுவ அணிவகுப்பு மாதிரி நடுவார்கள். பூ முடிந்ததும் பிடுங்கி எறிவார்கள். பார்த்தால் பளிச்சென்று இருக்கும். இரண்டாவது தடவை பார்க்கத் தோன்றாது. ராபின்சன் இதைப் பேனாவால் சாடித் தீர்த்தார். அம்மையாருக்கும் அந்த முறை பிடிக்கவில்லை. ஆனாலும் நியாயமாகப் பேசினார்: தப்பு ஜெரேனியத்தின்மேல் இல்லை, அதை வைக்கத் தெரியாதவர்மேல்தான் என்பது அவருடைய தீர்ப்பு. தம் பாத்தியில் ஜெரேனியத்துக்கும் இடம் கொடுத்தார்.

இனி அந்த 200 அடிப் பாத்திக்கு வருவோம். அகலம் 14 அடி. பின்னால் 11 அடி உயரத்தில் மணற்கல் சுவர். சுவரை ஒட்டினாற்போல் ஆள் நுழைய ஒரு சின்ன வழி விட்டிருந்தார். பின்வரிசைச் செடிகளுக்குக் கம்பு நடவும் களை எடுக்கவும் அது வசதி. வேலை தெரிந்தவர் போட்ட திட்டம் என்பது இதிலேயே தெரிகிறது, இல்லீங்களா?

மேற்கு முனையில் சாம்பல் பச்சை இலைச் செடிகளோடு தொடங்கும். அவற்றிடையே நல்ல நீலப் பூக்கள், வெள்ளை, வெளிர் மஞ்சள், வெளிர் ரோஜா நிறம். நடந்து போகப் போக மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். பிறகு ஆரஞ்சு. நடுவில் போய்ச் சேரும்போது சிவப்பு நெருப்பாக எரியும். அங்கே இருந்தவற்றில் டாலியா, செண்டுமல்லி, நம் ஊர்க் கல்வாழை எல்லாம் உண்டு! அதற்குப் பிறகு அப்படியே இறங்குமுகம். ஆரஞ்சு, அடர் மஞ்சள், வெளிர் மஞ்சள், வெள்ளை, வெளிர் ரோஜா. கிழக்கு முனையிலும் சாம்பல் இலைகள்தான், ஆனால் அங்கே நீலத்துக்குப் பதிலாக ஊதாவும் இளம் ஊதாவும். தூரத்திலிருந்து மொத்தமாகப் பார்த்தால் ஒரு முழுப் படம். கிட்டே வந்து எந்த இடத்தில் நின்றாலும் அதுவும் தனியாக ஒரு படம்.

இதன் சூட்சுமம் என்ன? நடுவில் நின்று சிவப்பையும் ஆரஞ்சையும் கண் நிறையப் பருகிய பிறகு, கண் தானாகவே குளிர்ச்சியைத் தேடுகிறது. அந்த நேரம் பார்த்துச் சாம்பலும் ஊதாவும் எதிரே வந்து நிற்கின்றன. அப்போது அந்தச் சாதாரணச் சாம்பல் இலைகூட மின்னுகிறது. செவ்ரல் கம்பளத்தில் கண்டதை அம்மையார் மண்ணில் செய்தார். எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில் கொட்டிக் கலக்கினால் இது கிடைக்காது. காரத்துக்குப் பிறகு மோர் ஊற்றுகிற மாதிரி, எதற்குப் பின் எது என்ற வரிசை வேண்டும்.

இன்னொரு விஷயமும் உண்டு. நீலத் தோட்டம் என்று பெயர் வைத்துவிட்டால் நீலத்தைத் தவிர வேறு பூ வைக்கக்கூடாது என்று சிலர் பிடிவாதம் பிடித்தார்கள். அம்மையார் அதை ஏற்கவில்லை. நீலம் நீலமாகத் தெரிய வேண்டுமானால் பக்கத்தில் கொஞ்சம் வெள்ளையோ வெளிர் மஞ்சளோ இருந்தே தீர வேண்டும். பெயருக்காகப் பூவைப் பலி கொடுக்கலாமா?

செடிகளைச் சதுரமாகவோ வட்டமாகவோ நடாமல், நீண்டு ஒடுங்கிய பட்டைகளாகச் சாய்வாக நட்டார். ஒரு பட்டை பூத்து ஓய்ந்தால் அந்த வெறுமை ஒல்லியாகத்தான் தெரியும். முன்னும் பின்னும் உள்ளவை மறைத்துவிடும். டெல்ஃபினியம் என்று உயரமான நீலப் பூச்செடி. ஜூலையில் அது பூத்து முடிந்ததும் நுனியை வெட்டிவிட்டுத் தண்டை மட்டும் விட்டு வைப்பார். பின்னால் நட்டிருக்கும் வெள்ளைப் பட்டாணிப்பூக் கொடியை அதன்மேல் இழுத்து விடுவார். அதுவும் ஓய்ந்தால் கிளெமாட்டிஸ் கொடி. இப்படி ஒரே இடம் மூன்று நான்கு தடவை பூக்கும். அப்படியும் ஓட்டை விழுந்தால், தயாராக வைத்திருக்கும் பூத்தொட்டிகளைக் கொண்டு வந்து இடையில் இறக்கிவிடுவார். இத்தனையும் அங்கே ஜூலை முதல் அக்டோபர் வரைக்கும்தான். வசந்த காலத்துக்கு வேறு பாத்தி, ஜூனுக்கு வேறு இடம். வருஷம் பூரா வெயிலும் மழையும் உள்ள நம் நாட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியாது.

செடிகளை நிறைய வாங்கிக் குவித்தால் தோட்டம் ஆகிவிடாது, வண்ணப் பெட்டி வாங்கியவன் எல்லாம் ஓவியன் ஆகிவிடுவதில்லை என்பது அவருடைய கொள்கை. பார்வை குறைந்ததே அவருக்கு ஒருவகையில் துணை செய்தது என்று சொல்பவர்கள் உண்டு. தூரத்தில் உள்ள இதழும் காம்பும் அவருக்குத் தெளிவாகத் தெரியாது. நிறங்கள் மட்டும் திட்டுத் திட்டாகத் தெரியும். ஆகவே ஒவ்வொரு பூவாக எண்ணாமல் நிறத்தை நிறமாகவே பார்த்தார் என்பது அவர்கள் கருத்து. எனக்கும் அது சரியென்றே படுகிறது. ஆனால் வைத்தியரிடமிருந்து திரும்பி வந்த அந்த முதல் வருஷம் அவருக்கு அப்படித் தோன்றியிருக்காது.

1889-ல் ஒரு தேநீர் விருந்தில் எட்வின் லட்யன்ஸ் என்ற இளைஞரைச் சந்தித்தார். கட்டடக் கலைஞர். அவருக்கு வயது 20, அம்மையாருக்கு 45. இருவரும் குதிரை வண்டியில் சர்ரே கிராமங்களைச் சுற்றிப் பழைய வீடுகளைப் பார்த்தார்கள். அந்த இளைஞர்தான் மன்ஸ்டெட் நிலத்தில் அம்மையாருக்கு வீடு கட்டிக் கொடுத்தவர், 1897-ல் குடிபோனார். பிறகு இருவரும் சேர்ந்து பல தோட்டங்களை அமைத்தார்கள். அவர் கல் வைப்பார், இவர் செடி வைப்பார். புதுடில்லியில் இன்று இந்திய ஜனாதிபதி வசிக்கும் மாளிகையைக் கட்டிய லட்யன்ஸ் இவரேதான்.

1899-ல் முதல் நூல் வெளிவந்தது. 1908-ல் பூந்தோட்டத்து வண்ணங்களைப் பற்றிய நூல் வந்தது. அவர் பெயரை நிலைநிறுத்தியது அதுதான். வேடிக்கை என்னவென்றால், வண்ணத்தைப் பற்றிய அந்த நூலில் உள்ள புகைப்படங்கள் கறுப்பு வெள்ளை! வண்ணத்தைச் சொல்லாலும் வரைபடத்தாலும்தான் அவர் புரிய வைக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு குழந்தைகளுக்காகவும் ஒரு தோட்ட நூல் எழுதினார். அதில் பூனைகளுக்குக்கூட இடம் உண்டு. மொத்தம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள், ஏறக்குறைய 400 தோட்டங்களுக்குத் திட்டம். வயதும் பார்வையும் தடுத்ததால், பிற்காலத்தில் பல தோட்டங்களை நேரில் காணவே இல்லை. நில அளவுப் படத்தையும் ஒரு பை மண்ணையும் அனுப்பச் சொல்லி, வீட்டில் இருந்தபடியே திட்டம் போட்டார்.

முதல் உலகப் போரில் மாண்ட வீரர்களின் கல்லறைகளைப் பேண 1917-ல் ஓர் ஆணையம் அமைந்தது. பிரான்சில் உள்ள சில கல்லறைத் தோட்டங்களுக்கு அம்மையார் செடித் திட்டம் வரைந்து கொடுத்தார். ஊரில் உள்ள வீட்டு வாசல் போலவே அந்தக் கற்களின் அடியில் பூச்செடிகள் இருக்க வேண்டும் என்பது நோக்கம். தைப்பிங்கிலும், சிங்கப்பூர் கிராஞ்சியிலும் உள்ள போர்க் கல்லறைகளை இன்று பராமரிப்பது அதே ஆணையத்தின் வழிவந்த காமன்வெல்த் ஆணையம்தான். போனால் கற்களின் அடியில் நட்டுள்ள செடிகளைக் கவனியுங்கள். சயாம் மரண ரயில் பாதையில் மடிந்த நம் தோட்ட மக்களில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த ஒரு கல்கூட இல்லை என்ற நினைவும் அங்கே வரத்தான் செய்யும்.

1920-ல் வில்லியம் நிக்கல்சன் என்ற ஓவியர் அம்மையாரை வரைய வந்தார். வெளிச்சம் உள்ள நேரத்தில் உட்கார்ந்திருக்க முடியாது, வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டார் 76 வயது அம்மையார். காத்திருந்த ஓவியர் சும்மா இருக்காமல், தேய்ந்து நைந்து கிடந்த அவருடைய தோட்டத்துப் பூட்சை வரைந்து வைத்தார். முகத்தை வரைந்த படத்தைவிட அந்தப் பூட்ஸ் படம்தான் அவரை அதிகம் காட்டுகிறது என்பேன்.

1897-ல் அரச தோட்டக்கலைக் கழகம் விக்டோரியா பதக்கத்தை முதன்முதலாக வழங்கியபோது, பெற்ற 60 பேரில் இருவர்தான் பெண்கள்; அவர்களில் ஒருவர் இவர். 1932 டிசம்பர் 8-ஆம் நாள், தம் 89-ஆம் வயதில், மன்ஸ்டெட் வீட்டிலேயே காலமானார். பக்கத்தில் உள்ள பஸ்பிரிட்ஜ் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். கல்லறையை வடிவமைத்தவர் லட்யன்ஸ்.

அவருக்குப் பின் பராமரிப்பு இல்லாமல் அந்த 200 அடிப் பாத்தியும், பிற ஊர்களில் அவர் போட்ட தோட்டங்களில் பலவும் ஒவ்வொன்றாக அழிந்தன. அவருடைய வரைபடங்களை மட்டும் அமெரிக்கத் தோட்டக் கலைஞர் பியாட்ரிக்ஸ் ஃபாரண்ட் அம்மையார் விலைக்கு வாங்கிக் காப்பாற்றி, கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு அளித்தார். 2023-ல் மன்ஸ்டெட் வீட்டையும் தோட்டத்தையும் பிரிட்டனின் நேஷனல் டிரஸ்ட் வாங்கியது. அதற்கு வெகு முன்பே, 1980-களில், ஹாம்ப்ஷயரில் அப்டன் கிரே என்னும் ஊரில் ஒரு பழைய வீட்டை வாங்கியவர்கள், புதர் மண்டிய அந்த நிலம் அம்மையார் 1908-ல் திட்டமிட்ட தோட்டம் என்று அறிந்தார்கள். பெர்க்லியிலிருந்து படங்களின் நகலை வரவழைத்து, முள்ளை வெட்டி, அவர் குறித்த செடிகளைத் தேடித் தேடி நட்டார்கள். குளிர்ந்த நிறத்தில் தொடங்கி, நடுவில் சிவப்பாகக் கனன்று, மறுபடி குளிர்ந்து முடியும் பாத்தி அங்கே ஒவ்வொரு கோடையிலும் பூக்கிறது.